பிளாஸ்கில் என்ன இருக்கிறது?

போன வாரம் ஜின்சி போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு இருதய வார்டில் என் இடத்துக்கு வந்திருக்கும் கேரளத்துப் பெண். தமிழ் நன்றாகவே பேசுவாள்.

"சிஸ்டர், இங்க பேப்பர் எல்லாம் போச்சு. அட்மிஷன்ல கேக்கற கேள்வி எல்லாம் டேப்லெட்லதான். அதுல 'ஹெர்பல் டீ'ன்னு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. ரொம்ப ஈஸியா இருக்கு."

ஈஸியாக இருக்கிறது என்று கேட்டதும்தான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கி, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் கவலைப்படுகிற ரகம். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். ஆட்டோவில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே வருவேன். "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அதுக்கும் ஒரு கவலை வச்சிருப்ப" என்பார் இவர். வீட்டில் இது பெரிய தொல்லைதான். வார்டில் எனக்கு அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஜின்சிக்குத் தமிழ் படிக்க வராது. டெல்லியில் பிறந்த என் மகளுக்குப் படிக்க வரும், ஆனால் படிக்கமாட்டாள். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். வேலை செய்த காலமெல்லாம் நோட்ஸை இங்கிலீஷில் எழுதினேன், நோயாளிகளோடு ஹிந்தியில் பேசினேன். பயப்பட்டது மட்டும் தமிழில்.

பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தேன். கல்யாணம் ஆனது, அவருக்கு மத்திய அரசு வேலை, டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். எனக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் வார்டுக்குள் போய் நின்றேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம், "கோயி தவாயி லேத்தே ஹோ?" மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். அதற்கு வரும் பதிலும் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிட்டது. "நஹீ, சிஸ்டர்."

அந்த 'நஹீ' மேல் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஒரு ஹரியானாக்காரரால். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆஸ்பத்திரியில் அதே மாத்திரையை அதே அளவில்தான் கொடுத்தோம். இரண்டு தடவை வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை மடமடவென்று இறங்கிவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி ஒரு லோட்டாவோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெந்தயமும் பாகற்காயும் போட்டுக் காய்ச்சியது. ஏம்மா, மருந்து எதுவும் கிடையாது என்று சொன்னீர்களே என்றால், அந்த அம்மாளுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "தவாயி கஹா ஹை? யே தோ காடா ஹை!" மருந்து எங்கே இருக்கிறது, இது காடா அல்லவா என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மருந்து என்பது கடையில் வெள்ளித் தாளில் பட்டையாக வாங்குவது. பணம் கொடுத்து, கசப்போடு, டாக்டர் சொன்னார் என்பதற்காக விழுங்குவது. வீட்டு அடுப்பில் கொதிப்பது வேறு கணக்கு. ஹிந்திக்காரர்கள் அதைக் காடா என்பார்கள். பழைய டெல்லிக்காரர்கள் ஜோஷாந்தா என்பார்கள். நம்மவர்கள் கஷாயம் என்பார்கள், சுக்குக் காபி என்பார்கள், கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வதானால் மூலிகை டீ என்பார்கள். சுக்குக் காபியில் காபி கிடையாது, மூலிகை டீயில் தேயிலை கிடையாது. அதையெல்லாம் மருந்து என்று சொல்ல ஓர் ஆளும் கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். சீந்தில் கொடி, மிளகு, பட்டை, துளசி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். எனக்கோ ஒவ்வொரு கட்டிலைப் பார்த்தாலும் இவர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறதோ என்றுதான் முதலில் தோன்றும்.

இந்தப் பயத்தைக் கையாள ஒரு வழி சொல்லிக் கொடுத்தவர் எங்கள் வார்டின் தலைமை டாக்டர், பல்லா மேடம். பஞ்சாபி. ஒல்லியாக, குட்டையாக இருப்பார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு மூக்குக்கண்ணாடியும் கயிற்றில் தொங்கும். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் "பேட்டா" என்று செல்லமாகக் கூப்பிடுவார். மேடம் 'பேட்டா' என்றால் அந்தப் பக்கமே யாரும் போகமாட்டோம்.

ஒரு தடவை நான் ஒரு நோயாளியின் சார்ட்டில் 'ஹெர்பல் டீ' என்று எழுதி வைத்திருந்தேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாத குரலில் கேட்டார்.

"பேட்டா, இதுல தேயிலை இருக்கா?"

"இல்லை மேடம்."

"அப்ப டீ இல்லை. என்ன செடி?"

"தெரியாது மேடம்."

"உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா டீன்னு எழுதினதும் நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. டீன்னா யார் பயப்படப்போறாங்க? போ, அவங்க வாயால என்ன பேர் சொல்றாங்களோ அதை எழுது. அப்புறம் அதுக்குள்ள என்னென்ன போடறாங்கன்னு எழுது."

மேடம் எந்த நோயாளியிடமும் முதலில் மருந்தைப் பற்றிக் கேட்கமாட்டார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வார். நின்றுகொண்டு கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள் என்பார். காலையில் எழுந்ததும் முதலில் வாயில் என்ன போகிறது என்று ஆரம்பிப்பார். அப்புறம்? அதற்கு அப்புறம்? இப்படியே படுக்கப் போகும் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். கூட இருக்கிறவரிடம் தனியாகக் கேட்பார், வீட்டில் அடுப்பில் ஒரு பர்னரில் பால் என்றால் இன்னொன்றில் என்ன என்று. எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்கும்போது தன் உள்ளங்கையை நீட்டுவார். அதில் அவர்கள் கையால் காட்ட வேண்டும். நாளைக்கு எத்தனை தடவை, எப்போதிலிருந்து, யார் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்கும்போது மட்டும் சிரிப்பார், இல்லாவிட்டால் சொந்தக்காரரைக் காட்டிக் கொடுக்கமாட்டார்கள். நானும் அப்படியே பழகினேன். ஸ்டூலைக்கூட அவர் போடுகிற மாதிரியே இழுத்துப் போடுவேன் என்று மற்ற சிஸ்டர்கள் கேலி செய்வார்கள்.

இவ்வளவு செய்தும் ஒருவர் எங்கள் கைக்கு அகப்படவில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு குளிர்காலம். டெல்லியில் புகை மூட்டம் கண்ணை எரித்துக்கொண்டிருந்த சமயம். சரோஜினி நகரில் மகனோடு இருந்த ராமலிங்கம் என்ற பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மயிலாடுதுறைப் பக்கம். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்க்கெட்டுக்குப் போனவர் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. மயக்கம் இல்லை, அடி இல்லை, கால் சொன்னபடி கேட்கவில்லை. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் பயங்கரமாக இறங்கியிருந்தது.

பொட்டாசியம் குறைந்தால் தசை தளர்ந்துபோகும். இதயமும் தசைதான். அதுவும் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மருந்தாக அதை ஏற்றுவதிலும் நிம்மதி கிடையாது. டிரிப்பில் கொஞ்சம் வேகமாக ஏற்றிவிட்டால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். அதனால் பம்ப் வைத்து, சொட்டுச் சொட்டாக, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஏறும்போது கை எரியும். ராமலிங்கம் சார் எரிகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மற்றக் கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எனக்குத் தோளிலிருந்து விரல் வரை எரிந்தது.

கேள்வி கேட்டது நான்தான். தமிழ்க் குடும்பம் என்றதும் மேடம் என்னிடம் விட்டார். கூட இருந்தவர் அவர் மனைவி செண்பகம் அம்மாள். நல்ல ஒடிசலான உடம்பு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, மடியில் ஒரு ஸ்டீல் பிளாஸ்க். கணவரின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை.

"காலைல எழுந்ததும் சார் முதல்ல என்ன குடிப்பாங்கம்மா?"

"வெந்நீர்தான் சிஸ்டர்."

"அதுக்கப்புறம் காபி?"

"காபி, டீ ரெண்டும் கிடையாது. விட்டு வருஷமாச்சு."

"கஷாயம், காடா, சுக்குத் தண்ணி, இப்படி ஏதும் குடிக்காங்களா?"

"மருந்துக்குக்கூட கிடையாது. ப்ரஷருக்கு ஒரு மாத்திரை, அதான். வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் போகவைக்கும் வகை. அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் இழுக்கும் என்பதால் மேடம் அதை உடனே நிறுத்தினார். அடுத்த பர்னரைப் பற்றியும் கேட்டேன். பால், சாதம், குழம்பு, குளிருக்கு வெந்நீர். டெல்லிக் குளிரில் வெந்நீர் வைக்காத வீடு உண்டா? மேடமும் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஹிந்தியில் கேட்டார். "சிர்ஃப் கரம் பானி" என்றார் செண்பகம் அம்மாள். வெறும் வெந்நீர். மேடம் தன் கையால் அதைச் சார்ட்டில் எழுதினார்.

மாத்திரையை நிறுத்தி, டிரிப்பும் ஏற்றினால் பொட்டாசியம் ஏறி நிற்க வேண்டும். ஏறியது, நிற்கவில்லை. காலையில் கொஞ்சம் மேலே வரும், அடுத்த ரத்தப் பரிசோதனையில் மறுபடி இறங்கியிருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் கட்டி இருந்தால் இப்படி ஆகும், ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஆபரேஷன் தேவைப்படலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. மகன் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். எனக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாலும் காது வார்டில்தான் இருந்தது. பிரஷர் குக்கர் விசில் அடித்தால்கூட மானிட்டர் அலறுகிற மாதிரி கேட்கும்.

அது அலறத்தான் செய்தது. ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம். நான் இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தேன். திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு முறுக்கிக்கொண்டு பின்னல் மாதிரி சுழன்றது. ராமலிங்கம் சாரின் கண் மேலே செருகியது. நெஞ்சில் கை வைத்து அழுத்தியது நான்தான். எலும்பு கைக்குக் கீழே அமுங்குவது தெரிந்தது. மேடம் ஓடி வந்தார். ஷாக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். கோடு திரும்பி வந்தது. எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கு நினைவு வந்து, "என்னாச்சு?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது செண்பகம் அம்மாளின் நினைவு வந்தது. அவரைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வராந்தாவில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"விஸ்வநாதா, உனக்காக அவங்க உயிருக்கு உயிரான காபிய விட்டாங்களே. அதுக்கு நீ பண்ற வேலையா இது?"

நான் சர்ச்சுக்குப் போகிறவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சார் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார் என்று முதலில் சொன்னேன். அழுது ஓய்ந்ததும் பக்கத்தில் நானும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"காபிய எதுக்கும்மா விட்டாங்க?"

"காசிக்குப் போனா ரொம்பப் பிடிச்சது ஒண்ணை அங்க விட்டுட்டு வரணும் சிஸ்டர். அப்புறம் சாகற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. எல்லாரும் ஏதாவது ஒரு காய விடுவாங்க, பழத்தை விடுவாங்க. நான்கூட கொய்யாப்பழத்தைத்தான் விட்டேன். இவங்க கங்கையில முங்கி எழுந்து, காபிய விட்டேன்னுட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து காபி இல்லாம இவங்களுக்கு விடிஞ்சதே இல்ல. நாளைக்கு நாலு தடவை, திக்கா."

நானும் காபிப் பைத்தியம்தான். தவக்காலத்தில் காபியை விடுகிறேன் என்று ஒரு தடவை கிளம்பி, மூன்றாம் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பியவள். அதனால் என் வாயில் அந்தக் கேள்வி தானாக வந்தது.

"எப்படிம்மா சமாளிச்சாங்க? தலைவலி மண்டையைப் பிளக்குமே!"

"வெந்நீர் குடிச்சுத்தான்."

"நாலு வேளையும்?"

"நாலு வேளையும். காபி நேரம் வந்தா கை டம்ளரைத் தேடுமில்ல? அப்ப சூடா கொண்டுபோய்க் குடுத்துருவேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாழ்நாளெல்லாம் திக்கான காபி குடித்த மனுஷன், அந்த நேரத்துக்கு வெறும் வெந்நீரை வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பாரா? நான் இருப்பேனா? அந்த அம்மாளின் கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்தேன். வார்டுக்கு வெளிச்சாப்பாடு கொண்டுவரக்கூடாது, வெந்நீர் மட்டும் கொண்டுவரலாம். தினமும் அது எங்கள் கண் முன்னால்தான் உள்ளே போனது. ஸ்டீல் பிளாஸ்க், ஸ்டீல் டம்ளர். உள்ளே என்ன நிறம் என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"எனக்கு அந்த வெந்நீர் கொஞ்சம் தருவீங்களாம்மா? தொண்டை காஞ்சுபோச்சு" என்றேன்.

மூடியில் ஊற்றிக் கொடுத்தார். மஞ்சளாக இருந்தது. வாயில் வைத்தேன், தொண்டை வரைக்கும் இனித்தது. விழுங்கின பிறகும் நாக்கின் அடியில் இனிப்பு நின்றது. அதிமதுரம். பாட்டுக்காரர்கள் தொண்டைக்கு மெல்லுகிற வேர், டெல்லியில் முலேட்டி என்று எந்த மளிகைக் கடையிலும் கிடைப்பது. எனக்குக் குப்பென்று வியர்த்தது, அந்தக் குளிரில்.

"இதுல அதிமதுரம் போடுவீங்களா?"

"ரெண்டு துண்டு. சர்க்கரை போடாமலே இனிக்குமில்ல, வெறும் தண்ணியக் குடுக்க எனக்கு மனசு வரல. இப்ப புகைக்கு இவங்களுக்குத் தொண்டை கரகரன்னு இருந்துதா, அதான் கொஞ்சம் கூடவே தட்டிப் போடறேன்." மேடம் மாதிரி என் உள்ளங்கையை நீட்டினேன். அவர் தன் விரல்களால் காட்டிய அளவு என் கையை நிரப்பியது.

"கஷாயம் உண்டான்னு கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

"இது கஷாயம் இல்லையே சிஸ்டர்." பிளாஸ்கைத் திருகி மூடினார். அப்புறம் சொன்னார். "காபிய சாமிக்கு விட்டுட்டு, அதுக்குப் பதிலா இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு ஆயிடக்கூடாதில்ல. விட்டா விட்டதா இருக்கணும். அதனால எங்க வீட்டுல அதுக்கு வெந்நீர்னுதான் பேரு. மருமக கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

மேடத்திடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அதிமதுரத்தை அளவு மீறிக் குடித்தால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். பிரஷர் ஏறும், தசை தளரும், இதயம் தடுமாறும். நாங்கள் கையில் ஏற்றியதை அந்தப் பிளாஸ்க் இன்னொரு வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "கரம் பானின்னு நானும்தான் எழுதினேன்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. அந்தக் கோபம் என் மேல் இல்லை.

ஸ்கேனைத் தள்ளிப்போட்டார்கள். ஆனால் நிம்மதி வந்துவிடவில்லை. அந்த வேர் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஆபத்து அப்படியேதான் என்றார் மேடம். அடுத்ததாக, "நீயே அந்த அம்மாகிட்ட சொல்லு, அவங்க பாஷையில. நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்லாதே. ஒண்ணுமில்லைன்னும் சொல்லாதே" என்றார். இரண்டுக்கும் நடுவில் என்னதான் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தேன். இத்தனை வருஷ வேலையில் செத்தவர்கள் வீட்டாரிடம் பேசியிருக்கிறேன். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வேர் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரையும் சேர்ந்துகொண்டது, புகைக்காக அளவு கூடியது வினையாகிவிட்டது என்று சொன்னேன். செண்பகம் அம்மாள் பிளாஸ்கை மெதுவாகத் தரையில் வைத்தார். பாம்பு இருக்கிற கூடையை வைப்பது போல வைத்தார்.

"என் கையாலயா சிஸ்டர்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் அழக்கூடாது என்பார்கள். நான் அழுதேன்.

"அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரைன்னு சொல்லிருங்க. தெரிஞ்சா இனிமே என் கையால எதை வாங்கிக் குடிப்பாங்க?"

ஒப்புக்கொள்ளத்தான் மனது சொன்னது. ஆனால் என் கவலை அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. தெரியாவிட்டால் இவர் நாளைக்குச் சொந்தக்காரர் வீட்டில் குடிப்பார். தொண்டைக்கு நல்லது சார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கையில் கொடுப்பார். அந்த முறுக்கிய கோட்டை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. செண்பகம் அம்மாளைக் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரையும் வைத்துக்கொண்டே ராமலிங்கம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேசத் தெம்பில்லாத குரலில் சொன்னார். "அது வெறும் வெந்நீர் இல்லைன்னு எனக்கும் தெரியும் சிஸ்டர். இனிச்சுதே. கேட்டா, காபிய விட்டது பொய்யாயிடும். அதான் நானும் வாயத் திறக்கல." பிறகு ஊசி குத்தாத கையை மனைவி பக்கம் நீட்டினார். செண்பகம் அம்மாள் உடனே பிடிக்கவில்லை. பயந்து பயந்துதான் பிடித்தார்.

மாத்திரைகள் மாற்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து, ஒருவழியாகப் பொட்டாசியம் நிற்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம். கொஞ்ச வாரம் கழித்து வெளிநோயாளிப் பிரிவுக்கு வரச் சொல்லியிருந்தது. வந்தார். தானே நடந்து வந்தார். காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டை மேடம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாளில் ஏறியிருக்க வேண்டிய அளவுக்கு ஏறவில்லை.

"அந்த வேர் இன்னும் உடம்புல இருக்கலாம். இல்லேன்னா இன்னும் குடிக்கறார்" என்றார் மேடம் தணிந்த குரலில். "போய்ப் பாரு."

வெளியே பெஞ்சில் ராமலிங்கம் சார் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செண்பகம் அம்மாள் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்க்.

"அதுல என்னம்மா இருக்கு?" என்றேன். சாதாரணமாகக் கேட்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"வெந்நீர்தான் சிஸ்டர்."

அதே வார்த்தை, அதே குரல். அதை நம்பி நானும் மேடமும் சார்ட்டில் எழுதிவைத்த வார்த்தை. நான் பிளாஸ்கையே பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அந்த அம்மாள் மூடியைத் திருகித் திறந்து, அதில் ஊற்றி என்னிடம் நீட்டினார். பிளாஸ்க் புதிது. ஊற்றும்போது கொஞ்சம் தரையில் சிந்தியது.

நிறம் இல்லை. மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. அது போதாது எனக்கு. குடித்தேன். நாக்கு சுட்டது. விழுங்கிவிட்டு, நாக்கின் அடியில் இனிக்கிறதா என்று அப்படியே நின்று காத்திருந்தேன்.

"இப்பத்தான் சிஸ்டர் நிஜமாவே காபிய விட்டிருக்கேன்" என்றார் ராமலிங்கம் சார் பெஞ்சிலிருந்து. முகத்தை அப்படிச் சுளித்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் இருந்த யாரோகூடச் சிரித்தார்கள்.

செண்பகம் அம்மாள் சிரிக்கவில்லை. அவர் காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெந்நீர்தாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.